இக்ரிசாட்டின் திறந்த தரவு: கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனவளின் மதிப்புரை

"அக்கா, அறுபதுகளில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் எவ்வளவு சோளம் விதைத்தார்கள் என்று எங்கே கிடைக்கும்?" என்று மாணவர்கள் கேட்டால், இக்ரிசாட் தளத்தைப் பார் என்பதுதான் என் பதில். ஹைதராபாத் அருகே படான்செருவில் 1972இல் தொடங்கிய சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் அது. சோளம், கம்பு, கடலை, துவரை என்று மானாவாரிப் பயிர்களுக்குப் பேர் போனது. ஆனால் அவர்கள் விதையைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது அவர்களுடைய தரவுதான். யாருக்கும் இலவசம். பெரும் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் கிராமத்துக் கல்லூரியில் எம்.ஏ. படிக்கும் பெண்ணுக்கும் ஒரே கோப்பு.

நான் பல ஆண்டுகள் கள ஆய்வாளராக வேலை பார்த்தவள். காவிரிப் பாசன ஊர்களிலும் சிவகங்கைப் பக்கத்து மானாவாரி ஊர்களிலும் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு திண்ணை திண்ணையாக உட்கார்ந்திருக்கிறேன். இப்போது வேளாண் பொருளியல் மாணவர்களுக்குத் தரவைப் படிக்கச் சொல்லித் தருகிறேன். ஒரு தரவுத்தளத்தைத் திறந்ததும் நான் தேடுவது இரண்டு விஷயங்கள். அந்த எண் எப்படி வந்தது என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களா? பதில் சொன்ன குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்களா? இந்த மதிப்புரையும் அந்த இரண்டைப் பற்றித்தான்.

தளத்தில் இரண்டு பெரிய சேகரிப்புகள் உண்டு. ஒன்று மாவட்ட அளவிலான தரவு, இன்னொன்று கிராமக் குடும்பங்களின் தரவு. முதலாவதை இக்ரிசாட்டும், அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட்டா-கார்னெல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியிருக்கின்றன. 1966இல் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு, பயிர்ப் பரப்பு, உற்பத்தி, விளைச்சல், பாசனம், உரம், மழை, கூலி, விலை என்று வரிசையாக இருக்கிறது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, பயிரைத் தேர்ந்தெடுத்து, இறக்கிக்கொள்ளலாம். எக்செல் தெரிந்தால் போதும்.

இதில் என்ன பெரிய விஷயம், அரசாங்கப் புத்தகங்களில் இல்லாததா என்று கேட்கலாம். மூல எண்கள் எல்லாம் அரசின் புள்ளியியல் அறிக்கைகளில் இருந்து வந்தவைதான். ஆனால் தமிழ்நாட்டுக்கு ஐம்பது வருட வரிசையைத் தாமே தயாரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் தொல்லை. 1974இல் புதுக்கோட்டை வந்தது. 1979இல் பெரியார் மாவட்டம் என்ற பெயரில் ஈரோடு கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. 1985இல் திண்டுக்கல், 1997இல் நாமக்கல், 2009இல் திருப்பூர். இன்று 38 மாவட்டங்கள். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் "கோயம்புத்தூர்" என்ற ஒரே பெயரில் கோடு போட்டால், 1979இல் பயிர்ப்பரப்பு சட்டென்று சரிந்தது போலத் தெரியும். வறட்சி என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அது மாவட்டத்தைப் பிரித்த வெறும் அரசாணை.

இக்ரிசாட் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. புதிய மாவட்டங்களின் எண்களை எல்லாம் 1966இல் இருந்த எல்லைக்குள் திரும்பச் சேர்த்துத் தருகிறார்கள். அதனால் இந்தக் கோப்பில் வடஆற்காடும் தென்ஆற்காடும் இன்னும் இருக்கின்றன. பெரிய தஞ்சாவூர் இருக்கிறது. நாகையும் திருவாரூரும் அதற்குள்தான். 1990க்குப் பிறகு நடப்பு எல்லைகளின்படியே வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கோப்பு வைத்திருக்கிறார்கள். எந்தக் கோப்பு எதற்கு என்று தெளிவாகப் பிரித்து வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இந்தச் சேர்ப்பு எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளாமல் யாரும் இதைத் தொடக் கூடாது. புதுக்கோட்டை பழைய திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் துண்டு எடுத்து உருவானது. அதன் எண்களைப் பிரித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, எந்தத் தாய் மாவட்டத்திலிருந்து எத்தனை பங்கு நிலம் வந்ததோ அந்த விகிதத்தில் பங்கு போடுகிறார்கள். நிலம் அந்த விகிதத்தில் இருக்கலாம், நெல் அப்படி இருக்காது. ஆற்றுப்பாசனம் எட்டும் இடமும் கண்மாயை நம்பும் இடமும் ஒரே மாதிரி விளையாது. மாவட்டம் முழுவதும் பயிர் சீராகப் பரவியிருக்கிறது என்ற அனுமானம் அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது. பெரிய போக்கைப் பார்க்க இது போதும். ஒரு தாலுகாவின் கதையைச் சொல்ல இதை எடுக்காதீர்கள்.

அலகுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோப்பில் பரப்பு ஆயிரம் ஹெக்டேரில், உற்பத்தி ஆயிரம் டன்னில், விளைச்சல் ஹெக்டேருக்குக் கிலோவில் இருக்கும். அதுவும் நெல்லாக அல்ல, அரிசியாக. விவசாயியோ ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று பேசுவார். ஹெக்டேருக்கு 3000 கிலோ அரிசி என்றால், நெல்லில் சுமார் 4500 கிலோ. 2.47ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 1800 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அறுபது கிலோ மூட்டையில் முப்பது. இந்த ஒரு கணக்கை மாணவர்கள் முதல் நாளே போட்டுப் பார்த்துவிட்டால், ஊரில் போய் "உங்கள் மாவட்டத்தில் விளைச்சல் குறைவு" என்று பேசி வாங்கிக் கட்டிக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், ஏதாவது கட்டத்தில் -1 என்று கண்ணில் பட்டால் அது விளைச்சல் அல்ல, தகவல் இல்லை என்பதற்கான குறி. சராசரி போடுவதற்கு முன் அதை நீக்க வேண்டும்.

இந்த எண்களின் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் எழுதுவதுதான் பரப்புக்கு மூலம். விளைச்சலுக்கு மூலம், அறுவடை நேரத்தில் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போடும் பயிர் அறுவடைப் பரிசோதனை. வயலுக்குள் போகாமல் போன வருடத்து அடங்கலைப் பார்த்து எழுதினால், அந்தப் பிழை ஐம்பது ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கும். எந்தத் தளமும் அதைத் திருத்த முடியாது.

மாவட்டத் தரவு இவ்வளவு போதும். என் மனசு முழுக்க இருப்பது கிராமத் தரவில்.

1975இல் இக்ரிசாட் ஆறு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் அவுரேபள்ளி, டோக்கூர். மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் ஷிராப்பூர், கல்மான். அதே மாநிலத்தின் அகோலாவில் கன்சாரா, கின்கேடா. ஊருக்கு 40 குடும்பங்கள். நிலமில்லாதவர் பத்துக் குடும்பம், சிறு, நடுத்தர, பெரு விவசாயிகள் பத்துப் பத்து. ஆய்வாளர்கள் அந்த ஊரிலேயே குடியிருந்தார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பட்டம் படித்து, அந்த ஊர் மொழி பேசுகிறவர்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதே வீட்டுக்குப் போய் வரவு, செலவு, கூலி, கடன், உழவு, மாடு எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். மூன்று கிராமங்களில் இது பத்தாண்டு தொடர்ந்தது. 2001இல் மறுபடியும் தொடங்கினார்கள். 2009இலிருந்து கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் இந்தியாவிலும் வங்கதேசத்திலுமாக 42 கிராமங்களுக்கு விரிந்தது.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்பதன் அருமை கேள்வித்தாள் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் வேலை செய்த பெரும்பாலான சர்வேக்களில் "போன வருஷம் கடலைக்கு எவ்வளவு செலவு?" என்று ஒரே மூச்சில் கேட்கச் சொல்வார்கள். கூலியாட்களுக்குக் கொடுத்த பணம் ஞாபகம் இருக்கும். வீட்டு ஆட்கள் களை எடுத்த நாட்கள் ஞாபகம் இருக்காது, கேட்டாலும் "அது என்னம்மா கணக்கு" என்பார்கள். பால் பணத்தை வீட்டுக்காரர் ஒரு தொகை சொல்வார். அடுப்படியில் இருந்து அந்த அம்மா வேறு தொகை சொல்வார், பெரும்பாலும் அம்மா சொல்வதுதான் சரியாக இருக்கும். அடிக்கடி போனால்தான் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்க முடியும். நகை அடகுக்குப் போனதும் திரும்பியதும் அப்படித்தான் தெரியவரும். முதல் முறை போகிற யாரிடமும் கந்துவட்டிக் கடனைச் சொல்ல மாட்டார்கள்.

அதனால்தான் இந்தத் தரவு இவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது. பொருளியலாளர் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் இந்தக் கிராமத்து மக்களிடம் நிஜப் பணத்தை வைத்துச் சூதாட்டம் போன்ற ஒரு பரிசோதனை நடத்தி, 1980இல் முடிவை வெளியிட்டார். அதிகபட்சப் பரிசு ஒரு கூலித்தொழிலாளியின் மாத வருமானத்தைவிட அதிகம். பணக்காரரோ ஏழையோ, பெரும்பாலானவர்கள் ஓரளவு எச்சரிக்கையாகவே விளையாடினார்கள் என்பது அவர் கண்டது.

இன்னொரு கதைதான் திறந்த தரவு ஏன் வேண்டும் என்பதற்கு என் வகுப்பில் நான் சொல்லும் கதை. 1994இல் பொருளியலாளர் ராபர்ட் டவுன்செண்ட் அவுரேபள்ளி, ஷிராப்பூர், கன்சாரா மூன்றின் தரவை எடுத்து ஒரு கேள்வி கேட்டார். ஒரு குடும்பத்துக்கு வருமானம் அடிபட்டால், அந்த வீட்டுச் சாப்பாடும் அடிபடுகிறதா? அவர் கண்டது: ஒரு வீட்டின் நுகர்வு அந்த வீட்டு வருமானத்தைவிட ஊரின் சராசரி நுகர்வோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. அதாவது, கைமாற்று, கடன், உறவு என்று ஏதோ ஒரு வழியில் ஊரே ஒருவரை ஒருவர் தாங்குகிறது. முழுமையாக இல்லை, ஆனால் ஆச்சரியப்படும் அளவுக்கு. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு அது.

1997இல் மார்ட்டின் ரவல்லியனும் சுபம் சவுத்ரியும் அதே கிராமங்களின் அதே தரவை எடுத்துப் பார்த்தார்கள். நுகர்வு என்ற எண் எப்படித் தயாரானது என்று தோண்டினார்கள். அந்தக் கணக்கிடும் முறையிலேயே ஊர் ஒருவரை ஒருவர் தாங்குகிறது என்ற முடிவின் பக்கம் சாய்வு இருக்கிறது என்று காட்டினார்கள். வேறு முறையில் நுகர்வை அளந்தபோது, வீட்டு வருமானம் விழுந்தால் நுகர்வும் சேர்ந்து விழுவது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இது யார் ஜெயித்தார் என்ற விஷயம் அல்ல. பயிர்க் காப்பீடு வேண்டுமா, நிவாரணம் வேண்டுமா என்பதெல்லாம் இந்த மாதிரி முடிவுகளின் மேல்தான் நிற்கிறது. தரவு ஒருவர் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்திருந்தால், முதல் முடிவே கடைசி முடிவாகியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க எண் மட்டும் போதாது, அது எப்படி அளக்கப்பட்டது என்ற விளக்கமும் கூடவே வந்திருக்க வேண்டும். கிராமத் தரவோடு கேள்வித்தாள்களும் ஆய்வாளர் கையேடுகளும் சேர்ந்து கிடைப்பதை நான் இத்தனை உயர்வாகச் சொல்வது இதனால்தான். என் முதல் கேள்விக்கு இந்தத் தளம் நல்ல பதில் வைத்திருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கவலை உண்டு.

நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் டேப்லெட் கொடுத்தார்கள். பெயர், போன் நம்பர், வீட்டின் ஜி.பி.எஸ். புள்ளி, பயிர், கடன் எல்லாம் ஒரே தாளில். வேலை முடிந்ததும் அந்தத் தாள் அப்படியே ஒரு வாட்ஸாப் குழுவில் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அந்த ஊர்க்காரர்களுக்கு மருந்து, உரம் விற்கிறவர்களிடமிருந்து போன் மேல் போன். "ஏம்மா, நீ எழுதிட்டுப் போனதுல இருந்துதான் இப்படிக் கூப்பிடுறாங்க" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் "உங்க பேரு வெளியே வராது" என்று சொன்னது நான். திட்டத்தின் தலைமை அலுவலகத்தில் இருந்தவர்களை அந்தப் பாட்டிக்குத் தெரியாது. என் முகம்தான் தெரியும். பொறுப்பான தரவு மேலாண்மை என்ற சொல்லுக்கு என் மனசில் அந்தப் பாட்டிதான் அர்த்தம்.

இக்ரிசாட் தரவில் ஆட்களின் பெயர் கிடையாது. குடும்பத்துக்கு ஒரு குறியீட்டு எண்தான். நல்லது. ஆனால் கிராமத்தின் பெயர் உண்டு, ஊருக்குச் சில பத்துக் குடும்பங்கள்தான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஒரு சின்ன ஊரில், இத்தனை ஏக்கர் நிலம், இத்தனை கிணறு, இத்தனை எருமை, வீட்டில் இத்தனை பேர், இன்ன வயசு என்று சேர்த்துப் படித்தால், அது யார் வீடு என்று அந்த ஊர்க்காரரால் சொல்லிவிட முடியும். வெளியூர் ஆராய்ச்சியாளருக்குத் தெரியாதது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். கடன் யாரிடம் வாங்கினோம் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்றுதானே நம்மிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்கள்?

1975இல் ஆரம்பித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கோப்பு ஒரு நாள் கைப்பேசியில் இறங்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கிராமத்தின் பெயரும் மண்ணும் மழையும் தெரிந்ததால்தான் இந்தத் தரவுக்கு இவ்வளவு மதிப்பு. ஆனால் இனி வரும் சுற்றுகளுக்கு வழி இருக்கிறது. டி.எச்.எஸ். எனப்படும் குடும்பநலக் கணக்கெடுப்பில், கணக்கெடுத்த இடத்தின் புள்ளியை வெளியிடும் முன் வேண்டுமென்றே நகர்த்தி வைக்கிறார்கள். நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரை. ஆராய்ச்சி கெடுவதில்லை, வீடு தப்பித்துவிடுகிறது. அதேபோல், பரப்பையும் உற்பத்தியையும் எல்லாருக்கும் திறந்து வைத்து, கடன், நோய், குடும்பத் தகராறு போன்ற தாள்களை மட்டும் "எதற்காக வேண்டும்" என்று எழுதிக் கொடுப்பவர்களுக்குத் தரலாம். எல்லாவற்றுக்கும் ஒரே கதவு தேவையில்லை.

இக்ரிசாட் இடம்பெறும் சிஜிஐஏஆர் என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு 2013இலேயே ஆய்வுத் தரவைத் திறந்து வைக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. தனிநபர் தகவலைப் பாதுகாப்பது பற்றி வழிகாட்டுதல்களும் பின்னர் வந்தன. நம் நாட்டில் 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு தருகிறது. அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. விலக்கு இருப்பதாலேயே எல்லாம் சரி என்று ஆய்வு நிறுவனங்கள் இருந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். சட்டம் கேட்பதைவிடத் திண்ணையில் கொடுத்த வாக்கு பெரியது.

யாருக்கு இந்தத் தளம்? முதுகலை, ஆய்வு மாணவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், எடுங்கள் என்று. விவசாயச் செய்தி எழுதும் பத்திரிகையாளர்களுக்கு மாவட்டக் கோப்பு போதும். அதிகாரிகளின் அறிக்கையில் "வரலாறு காணாத விளைச்சல்" என்று வந்தால், வரலாற்றைத் திறந்து பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களைப் படிக்க நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். கிராமத் தரவில் நம் ஊர் எதுவும் இல்லை. ஆனாலும் ராமநாதபுரத்துக் கரிசலில் வேலை செய்யப் போகிறவர் ஷிராப்பூரின் ரபிச் சோளத்தை, அதாவது மழைக்காலம் முடிந்து விதைக்கும் சோளத்தை, படித்துவிட்டுப் போகலாம். கரிசல் மண்ணில் தேங்கிய ஈரத்தை நம்பி விதைக்கும் கணக்கு அவருக்குப் பழகிய கணக்காகவே இருக்கும்.

தரவைப் பயன்படுத்தினால் மூலத்தை ஒழுங்காகக் குறிப்பிடுங்கள், எந்தக் கோப்பு, எந்த நாளில் இறக்கியது என்பது உட்பட. கிராமத் தரவை வைத்து எழுதினால், ஒரு தனிக் குடும்பம் அடையாளம் தெரியும்படி எந்த அட்டவணையும் போடாதீர்கள். ஐந்துக்கும் குறைவான வீடுகள் வரும் கட்டத்தை நான் மாணவர்களிடம் மூடச் சொல்லிவிடுவேன்.

இந்தத் தளத்திடம் எனக்கு ஒரு பெரிய கோரிக்கை இருக்கிறது. தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தங்கள் வரவு செலவைப் பத்து வருடம் சொல்லிக்கொண்டே இருந்த குடும்பங்கள் தெலுங்கும் மராத்தியும் பேசுகிறவர்கள். ஊருக்கு இரண்டு பக்கம் போதும். அவுரேபள்ளியில் ஆமணக்கு குறைந்து பருத்தி எப்படி வந்தது, கூலி எப்படி ஏறியது, கிணறுகள் என்ன ஆயின என்று தெலுங்கில் ஒரு பிரதி. ஷிராப்பூருக்கும் கன்சாராவுக்கும் மராத்தியில் ஒன்று. பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டினால் அடுத்த முறை ஆய்வாளர் போகும்போது ஊரே அதைப் பற்றிப் பேசும், பிழை இருந்தால் திருத்தியும் கொடுக்கும். அதற்கு வேண்டிய எண்கள் எல்லாம் ஏற்கெனவே அந்தத் தளத்தில்தான் இருக்கின்றன.